அப்பா ஒட்டிய கட்டை

என் புருஷனை நான் ஒரு காட்சிக்கு நாற்பத்திரண்டு தடவை அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு காட்சி என்பதால் எண்பத்து நாலு. பதினொரு வருஷமாக எங்கள் பிழைப்பு இதுதான். கடைத்தெருவில் யாராவது அடையாளம் கண்டுகொண்டால், "வீட்லயும் இப்படித்தானா சார்?" என்று கேட்டுவிட்டு, உலகத்தில் முதல் ஆளாகக் கேட்ட மாதிரி தாங்களே சிரித்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் அலுக்காமல், "வீட்ல கட்டை இல்ல சார், கரண்டிதான்" என்பார்.

அடி என்றால் நிஜ அடி இல்லை. அதற்கென்று ஒரு கட்டை இருக்கிறது. முழங்கை நீளத்துக்கு இரண்டு மெல்லிய மரப்பட்டைகள். கைப்பிடியில் மட்டும் சேர்த்து ஆணி அடித்திருக்கும். மற்றபடி இரண்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி. வீசினால் ஒரு பட்டை முதுகைத் தொடும்போதே இன்னொன்று அதன்மேல் வந்து மோதி 'பட்டீர்' என்று கூடம் அதிரும். முதுகுக்குக் கிடைப்பது என்னவோ லேசாக ஒரு தட்டுதான். நாங்கள் அதைச் சத்தக்கட்டை என்போம். விழுவதையும் மோதுவதையும் உதை வாங்குவதையும் ஸ்லாப்ஸ்டிக் என்று சொல்லி உலகமே சிரிக்கிறதே, அந்தப் பெயரே இந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான். சில நூறு வருஷத்துக்கு முன்னால், எங்கேயோ கடல் தாண்டி முகமூடி போட்டு நாடகம் ஆடிய கூட்டத்தில், வேலைக்காரன் வேஷம் போட்டவன் இடுப்பில் செருகி வைத்திருந்தானாம். முதலாளியை அடிக்க வேண்டும், கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும், ஆனால் முதலாளி வேஷக்காரன் நாளைக்கும் நடிக்க வர வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து யாரோ ஒருத்தன் மண்டையை உடைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறான். அவன் கல்யாணம் ஆனவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பார்க்கிறவர்களுக்கு அடிக்கிற நான்தான் எஜமானி. அப்படிக் கிடையாது. அடி வாங்குகிறவர் கையில்தான் எல்லாமே. அவர் குனிவார், அது ஒன்று. சபையைப் பார்த்துப் பரிதாபமாக விழிப்பார், அது இரண்டு. மூன்றில் நான் அடிக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகுதான் அவர் துள்ள வேண்டும். ஒரு இமை முன்னால் துள்ளினால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். இவ்வளவுக்கும் அவர் முதுகு என் பக்கம் இருக்கும், என்னைப் பார்க்க முடியாது. காட்சிக்கு முன்னால் கட்டையின் இடைவெளியில் கட்டைவிரலை விட்டுப் பார்த்து என்னிடம் கொடுப்பதும் அவர் வேலைதான். அவர் விழுகிற அழகைப் பார்த்துத் தொழிலில் எல்லாரும் அவரை 'மெத்தை' என்றே கூப்பிடுவார்கள்.

செருப்புக்கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நூற்றிருபது நாற்காலி போட்ட சின்னக் கூடத்தில்தான் அப்போது ஆடிக்கொண்டிருந்தோம். படியேறி வருவதற்குள் புதுச்செருப்பு வாசனை தலைவலியே வரவைத்துவிடும். ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற பெரிய அரங்கின் மேனேஜரம்மா எங்களைப் பார்க்க வருகிறாள் என்று தகவல் வந்தது. பிடித்திருந்தால் ஒரு வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம், கதவு வைத்த ஒப்பனை அறை. அந்தச் சேதி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி வருவேன். வந்த பிறகு எதற்கு வந்தேன் என்று மறந்துபோகும்.

அந்த நேரத்தில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைக்கப் போட்ட அவர் பேண்ட் பையில் அந்தக் கடிதம் கிடைத்தது. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்ட்டர் வேலை. ஒன்றாம் தேதி வந்து சேரவும்.

"என்னய்யா இது?"

அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "சும்மா போட்டு வச்சேன். கெடச்சிடுச்சு."

"சும்மா போட்டா சும்மா கெடைக்குமா? பரீட்சையெல்லாம் எழுதியிருக்க!"

"முட்டி போயிட்டிருக்கும்மா. இன்னும் எத்தன வருஷம் விழுந்துட்டே இருக்க முடியும்? மேனேஜரம்மா எடுத்துக்கிட்டாங்கன்னா ஆடுவோம். அங்க மெத்தை போட்ட மேடை. இல்லன்னா ஒண்ணாந்தேதி டிப்போ."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. பதினொரு வருஷம் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் நின்று பிழைத்திருக்கிறேன். அந்த முதுகுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. பக்கெட்டை எட்டி உதைத்தேன். சமையலறை முழுக்க சோப்புத் தண்ணீர். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தின நாள் நடந்த இன்னொரு விஷயம் எங்கள் இருவருக்குமே தெரியாது. என் அப்பா நாற்காலி, மேஜை பழுது பார்க்கிறவர். சனிக்கிழமை நாங்கள் ஒத்திகைக்குப் போயிருந்தபோது, எங்கள் வீட்டு ஆட்டக்கால் நாற்காலியைச் சரிசெய்ய வந்திருக்கிறார். அப்பா எங்கள் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "மாப்ளைய வீட்லயே யோவ்ங்கறா, மேடையில கட்டையால வேற அடிக்கிறா, அதைக் காசு குடுத்து வேற பாக்கணுமா?" என்பார். என்ன கட்டை, எப்படிப்பட்ட கட்டை என்று அவருக்குத் தெரியாது. ஆணியில் தொங்கிய சத்தக்கட்டையைப் பார்த்ததும், அடித்து அடித்துக் கட்டையே நீளவாக்கில் பிளந்துவிட்டது, பாவம் பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். உள்ளே பசை விட்டு, இறுக்கிக் கட்டிக் காயவைத்து, விளிம்பைத் தேய்த்து, எண்ணெய் பூசி, திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். எங்கள் தொழிலுக்கு அவர் செய்த முதல் மரியாதை அது.

நான் அதைப் பார்க்காமலே பையில் திணித்தேன். கூடத்தில் அவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். கட்டையைக் கேட்டு வாங்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கட்டையை மாட்டுகிற கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போய் மேடைச் சுவரில் மாட்டினேன்.

காட்சி ஆரம்பித்து மூன்றாவது நிமிஷம் முதல் அடி. அவர் குனிந்தார். நான் கட்டையை எடுத்தேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கையில் எடுத்தால் இரண்டு பட்டையும் லேசாக நடுங்கும். உள்ளங்கைக்கு அந்த நடுக்கம் பழக்கம். அன்றைக்கு நடுங்கவில்லை. ஒரே பலகையாக, கனமாக இருந்தது. எதனால் என்று தெரியாது. ஆனால் இது சத்தம் போடாது, இது அடிக்கும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் சபையைப் பார்த்து விழித்தார். மூன்று வந்தது. நான் அடிக்கவில்லை. 'கேட்டா விட்டிருப்பியா' என்ற அந்தக் குரல் காதுக்குள் ஓடியது. நாலில் அடித்தேன்.

'தொப்' என்றது. முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். நிஜ அடிக்குச் சத்தமே கிடையாது. நூற்றிருபது நாற்காலியில் ஒரு சிரிப்பு இல்லை. "அம்மா, நெஜமாவே அடிச்சிட்டாங்க" என்று ஒரு குழந்தை மட்டும் தெளிவாகச் சொன்னது. பெரியவர்கள் அதை வாயை மூடச் சொன்னார்கள். அவர் விழுந்து எழுந்தார். மிச்ச அடிகளை வெறுங்கையால் ஒப்பேற்றி முடித்தோம். உள்ளே வந்து சட்டையைக் கழற்றியபோது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

கட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போன் பண்ணியதும் அப்பா அடித்துப் பிடித்து ஓடி வந்தார். மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "உபகாரம்னு நெனச்சு இந்தக் கையால இப்படிப் பண்ணிட்டேனே மாப்ள!"

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்லப்பா" என்றேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு பசை டப்பாவைத் தொடவில்லை; வந்த வேலையையெல்லாம் திருப்பி அனுப்புகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு, கூடத்துத் தச்சரிடம் புதுக்கட்டை செய்து வாங்கி ஒத்திகை ஆரம்பித்தோம். முதல் அடி. கட்டை அவரைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் தோள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டது.

"தோளத் தூக்குறய்யா."

"அப்படியா? தெரியலயே. இன்னொரு தடவ போடு."

போட்டேன். தூக்கினார். இருபது தடவை போட்டோம், இருபது தடவையும் தூக்கினார். பத்தாவது தடவைக்கு மேல் அவருக்கே சிரிப்பு வந்தது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா, அதுவாவே போகுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜரம்மா வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அந்தப் பத்து நாளும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். மெதுவாக அடித்துப் பார்த்தோம். கண்ணாடி வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே குனியச் சொன்னேன். தலையணையை முதுகில் கட்டினோம். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்து இடித்து ஓய்ந்துபோனார். கட்டை விழுவதற்கு முன்னால் தோள் ஏறியது. சமையலறைக்கும் வாசலுக்கும் நான் நடந்துகொண்டே இருந்தேன். கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டே பொங்கவிட்டேன். 'அவருக்குத் தெரிந்திருக்குமோ' என்று ஒரு தடவை. 'தெரிந்தால் சும்மாவா இருப்பார்' என்று ஒரு தடவை. சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றால், "என்ன, தண்ணி வேணுமா?" என்பார். "ஆமா" என்று சொல்லி, தாகமே இல்லாமல் ஒரு சொம்பு தண்ணீரைக் குடிப்பேன்.

டிப்போ கடிதம் அலமாரியில் காலண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

மேனேஜரம்மா ஞாயிறு மதியக் காட்சிக்கு வந்தாள். நாலாவது வரிசை ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கூடம் நிறைந்திருந்தது. அவர் கட்டையை விரல்விட்டுப் பார்த்துக் கொடுத்தார். "விழுந்தா விழட்டும்" என்றார். எங்களைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா தெரியவில்லை.

முதல் அடி. தோள் ஏறியது. சத்தம் பிரமாதமாக வந்தது, யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஆறாவது அடியில் மேனேஜரம்மா மணி பார்த்தாள். ஒன்றாம் தேதி இவர் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பார், என்னிடம் இனி ஒருநாளும் முதுகைக் காட்ட மாட்டார் என்று தோன்றியது.

எங்கள் ஆட்டத்தில் வசனமே கிடையாது. பதினொரு வருஷத்தில் மேடையில் நான் ஒரு சொல் பேசியதில்லை. ஏழாவது அடிக்கு ஓங்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு கத்தினேன்.

"ஏன்யா தோளத் தூக்குற?"

எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது. அவர் குனிந்தபடியே சபையைப் பார்த்து விழித்தார்.

"பயமா?"

அவர் ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினார். சிரிப்பு பெரிதானது.

"யாரப் பாத்துப் பயம்? எங்கப்பாவப் பாத்தா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"ஆங்! எங்கப்பா என்ன பண்ணாரு பாவம்? ஒட்டுனாரு! ஓங்கி அடிச்சது யாரு?" பட்டீர். "நான்!" பட்டீர். "கைல எடுத்ததுமே தெரியும்யா எனக்கு!" பட்டீர். "தெரிஞ்சுதான் அடிச்சேன்!"

கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். கண்ணீர் கண்ணை மறைத்தது, மூக்கு ஒழுகியது. அதைப் புறங்கையால் துடைத்தேன், அதற்கும் சிரித்தார்கள். "என்னைக் கேக்காம லெட்டர் போட்டல்ல? அதுக்குத்தான்!" பட்டீர். "எங்கப்பாவையும் மாட்டிவிட்டேன்!" பட்டீர். "பதினாலு நாளா சோறு எறங்கலய்யா எனக்கு!" பட்டீர். "மன்னிச்சிடுய்யா!" பட்டீர். "மன்னிச்சிடு!" பட்டீர்.

ஒவ்வொரு மன்னிப்புக்கும் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். எந்த அடியில் தோள் ஏறுவது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் பார்த்தேன், சத்தம் வந்த பிறகு, சாவகாசமாக, ஏதோ யோசித்துப் பார்த்துவிட்டுத் துள்ளுகிற மாதிரி அவர் துள்ளிக்கொண்டிருந்தார். அதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உள்ளே வந்ததும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்துப் பவுடரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் கதவோரமாகவே நின்றேன். கதவு என்று அங்கே ஒன்றும் இல்லை, ஒரு திரைச்சீலை.

"அது வசனம் இல்லய்யா," என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். மூணுல அடிப்ப. பதினோரு வருஷமா மூணுதான். காய்ச்சல்ல ஆடுனப்பக்கூட மூணு. அன்னிக்கு நாலு." அவர் துணியைத் திருப்பிப் போட்டுத் துடைத்தார். "கட்டையில ஏதோ கோளாறு, அதான் நிறுத்துறான்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள விழுந்துச்சு."

"தெரிஞ்சா ஏன்யா கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ உங்கப்பாவத் திட்டுன." இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது. "அடி வாங்கறது என் தொழில். அது போயிடும். அந்தாளு தலைய குனிஞ்சுட்டுப் போனாரே, அப்ப நீ சும்மா நின்ன பாரு. அப்பத்தான் எனக்கு உன்னப் பாத்துப் பயமா இருந்துச்சு. மொதல்ல அவருக்குப் போன் பண்ணு."

அங்கேயே நின்று போன் பண்ணினேன். அப்பாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கட்டை மாறியிருந்தது எனக்குத் தெரியும், கோபத்தில் தெரிந்தே அடித்தேன், பழியை உங்கள் மேல் போட்டேன் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கட்டை," என்றார் அப்பா கடைசியில். "அடிச்சப்ப ஒட்டு விட்டுச்சா?"

"இல்லப்பா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்லப்பா. அப்படியே இருக்கு."

"அதானே," என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் ஒட்டுனா எப்படி விடும்? நாளைக்கு வா, ஒன்ன நேர்ல வச்சுப் பேசிக்கிறேன்." வைத்துவிட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜரம்மா திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பல் டாக்டரிடம் வந்த முகம் போய், கன்னமெல்லாம் மை வழிந்திருந்தது. "சிரிச்சே என்னைக் கொன்னுட்டீங்க. ஒரு வருஷத்துக்குப் போட்டுக்கலாம். வாரம் அஞ்சு நாள், ஆறு காட்சி. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வந்துடுங்க." போகத் திரும்பியவள் மறுபடி நின்றாள். "ஒரே ஒரு விஷயம். அந்த 'தெரிஞ்சுதான் அடிச்சேன்', 'மன்னிச்சிடு' எடம் இருக்கு பாருங்க, அத மட்டும் எடுத்துடாதீங்க. தெனமும் அப்படியே வேணும். அழுகையோட."

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

"என்னால முடியாதுய்யா," என்றேன். "அது நடிப்பு இல்ல. தெனமும் அதச் சொல்லி, ஊரே கூடிச் சிரிச்சு... வேற ஏதாவது வசனம் போட்டுக்கலாம். நானே யோசிக்கிறேன். அத விட்டுடலாம்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். தோள்பட்டையில் அந்த இடம் மஞ்சளாக மாறி, ஆறிக்கொண்டிருந்தது. பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"சொல்லு," என்றார். "எனக்கு இன்னும் போதல."